சேர்ந்துவிட்டதாகக் காட்டும் கிளை

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. என் மனைவியின் தம்பி கதிரவன், முதுநகர்க்காரன், எழுதச் சொன்னான். "பேர மாத்திக் கதையா போட்டுடுங்க மாமா" என்றான். (மாற்றவில்லை.)

2

முதல் தொடக்கம்: "கொள்ளிடம் கரையை மீறிய அந்த நள்ளிரவில்..."

(அடித்துவிட்டேன். வெள்ளம் வந்தது பட்டப்பகலில்.)

இரண்டாவது: "மென்பொருளை ஒரு மரமாக எண்ணிக்கொண்டால்..."

(வாத்தியார் வாடை.)

நேராகவே சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் ஏறினால் கரையோர மக்களின் போனுக்குத் தானாக அழைக்கும் மென்பொருள் ஒன்றைச் சிலர் சம்பளமில்லாமல் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு கிளைகள். ஊர்களில் ஓடுவது நிலையான கிளை. புதியவற்றைச் செய்து பார்ப்பது வளரும் கிளை. பழுதை முதலில் நிலையானதில் சரிசெய்து, பிறகு வளரும் கிளையில் சேர்க்க வேண்டும். அது கதிரவனின் பொறுப்பு.

பட்டன் போனுக்கு அழைப்பு வரவில்லை என்று முதலில் சொன்னவர் குமராட்சி பக்கிரி. கதிரவன் அதைச் சரிசெய்தான். பக்கிரிக்கு அவ்வளவு சந்தோஷம்.

3

சேர்க்கும்போதெல்லாம் பதிப்பு எண் இரண்டு கிளைகளிலும் வேறுவேறாக இருந்து முட்டும். "வளரும் கிளையில் இருப்பதே இருக்கட்டும்" என்று கட்டளை கொடுத்துவிடுவது கதிரவன் வழக்கம். அன்று எண்ணோடு பட்டன் போன் திருத்தமும் ஒரே கட்டாக வந்தது. கைப்பழக்கத்தில் அதே கட்டளையைக் கொடுத்தான். திருத்தம் உதறப்பட்டது, சேர்ந்துவிட்டது என்று மட்டும் பதிவானது. சேர்ந்ததை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? அடுத்த நிலையான பதிப்பு வளரும் கிளையிலிருந்தே உருவாகி எல்லா ஊருக்கும் போனது.

ஐப்பசியில் ஆறு பொங்கியபோது பக்கிரியின் மனைவி மங்கலம் ஆற்றுப் படுகையில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். பட்டன் போன் மடியில் இருந்தது. அது அடிக்கவில்லை.

சிதம்பரத்தில் வளரும் கிளையைப் பார்த்துக்கொள்ளும் நித்யஸ்ரீதான் மறுநாள் கண்டுபிடித்துக் கதிரவனிடம் சொன்னாள். "சேந்துட்டுதுன்னுதான் காட்டுது அண்ணா. உள்ள ஒண்ணுமே இல்ல."

4

துக்கம் கேட்கப் போனோம். எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. பக்கிரி கதிரவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னுது அடிச்சிதான் இருக்கும் தம்பி. காலைல நான் சார்ஜ் போட்டுக் குடுக்கல. நாந்தான் அவள கொன்னுட்டன்."

கதிரவன் வாயைத் திறக்கவில்லை. போன் அடிக்காத காரணம் அப்போதே அவனுக்குத் தெரியும்.

5

முடிவு அ: கதிரவன் சொல்கிறான், பக்கிரி மன்னிக்கிறார். (நம்பிக்கையில்லை.)

முடிவு ஆ: பக்கிரி அவனை அடித்து வெளியே தள்ளுகிறார். (நடக்கலாம்.)

முடிவு இ: கதை அச்சாகிறது, கதிரவனின் பாரம் இறங்குகி—

இல்லை மச்சான். நீ கேட்டது இந்த மூன்றாவதைத்தான். பக்கிரிக்குப் படிக்கத் தெரியாது. கதை வந்துவிட்டால் சொல்லியாயிற்று என்று உன் மனதில் பதிவாகிவிடும். அவருக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. செய்த தப்பையே மறுபடி செய்ய என்னைக் கூப்பிடுகிறாய்.

இதன் முதல் வாசகன் நீ. முடிவை நான் எழுத மாட்டேன். சிதம்பரத்திலிருந்து குமராட்சிக்கு மினிபஸ் இருக்கிறது. துணைக்கு வேண்டுமானால் வருகிறேன். பேச வேண்டியவன் நீ.