உடைந்த ஊசியின் முனை

தைக்கத் தெரியாதவள் தையலில் குற்றம் சொல்லலாமா என்று அந்தப் பனியன் கம்பெனியில் யாரும் விவாதம் நடத்தியதில்லை. வினிதாவின் காதுபடப் பேசினார்கள், அவ்வளவுதான். செக்கிங் டேபிளில் நின்று, குழந்தைச் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பிடிக்காத பண்டலைத் திருப்பி அனுப்புகிறவள் அவள். மிஷினில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதைச் சொல்லிக்காட்டினால் மூக்குக்கு மேல் கோபம் வரும். உப்பு போதவில்லை என்று சொல்ல அடுப்படியில் நின்றிருக்க வேண்டுமா என்று கேட்பாள்.

அன்று ராமுத்தாய் தைத்த பண்டல் திரும்பியது. விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த டெய்லர் அவள். வாய் சும்மா இருக்குமா?

"ஒருநா தச்சுப் பாரு தாயி. அப்புறமா வந்து நொட்டை சொல்லு."

சூப்பர்வைசர் நல்லானுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. "பக்கத்து மிஷினு சும்மாதானுங்க கெடக்குது. உக்காருங்க வினிதா," என்றான். லைனே திரும்பிப் பார்த்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வர, அவள் உட்கார்ந்தாள்.

பெடலை மிதித்ததும் துணி ஓடியது. பதறிப்போய் இழுத்தாள். ஊசி உடைந்து தெறித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

வினிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி உடைந்தால், துணியில் எதுவும் தங்கவில்லை என்பதற்குத் துண்டுகளைப் பொறுக்கித் தாளில் ஒட்டி, முழு ஊசியாகக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துப் பண்டலை விடுகிறவளே அவள்தான். எல்லாம் உள்ளூர்க் கடைகளுக்குப் போகிற சரக்கு. ஊசியைக் கண்டுபிடிக்கும் மிஷினெல்லாம் அங்கே கிடையாது. மற்ற துண்டுகள் கிடைத்தன. முனை மட்டும் இல்லை. மிஷினுக்கு அடியில் தடவினாள். சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினாள். கைக்குழந்தையின் கழுத்தில் அந்த முனை ஏறுவதை நினைத்ததும், மறுபடி முதல் சட்டையிலிருந்து உதறத் தொடங்கினாள்.

ராமுத்தாய்க்கே இரக்கம் வந்துவிட்டது. அருகில் குனிந்து ஒரு சாந்துப்பொட்டு டப்பாவைத் திறந்து நீட்டினாள். உள்ளே பழைய ஊசி முனைகள் கிடந்தன.

"அளவு பாத்து ஒண்ண எடுத்து ஒட்டு. எதுக்கு இந்த நடுக்கம் நடுங்குற?"

"அப்ப... நீங்க எங்கிட்டக் காட்டுனதெல்லாம்?"

"கெடச்சா நெசம். கெடைக்காட்டி இதுதான். இங்கன எல்லாருமே வச்சிருக்கோம். தைக்கிறவளுக்குத்தான தெரியும்?"

வினிதா டப்பாவில் கிடந்த முனைகளையே பார்த்தாள். முழு ஊசி இருக்கிறது என்று நம்பி, எத்தனை பண்டலைத் தன் கையால் விட்டிருப்பாள்! எந்தக் குழந்தை எங்கே அழுகிறதோ? வாயைத் திறந்தால் ராமுத்தாய் வேலையும் போகும், தன் வேலையும் போகும். வாசலில் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!" வினிதாவின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

நல்லான் ஓடி வந்தான். "ஏனுங்க, எந்தப் பண்டலுங்க?"

ராமுத்தாய் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வினிதா அவள் பக்கம் திரும்பாமல் நல்லானிடம் சொன்னாள்.

"எல்லாமுங்க. நான் பாத்து உட்டது எல்லாமே. கடைக்குப் போனதும்கூடங்க."