ரோலருக்கு அந்தப் பக்கம்

ஜலால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. செருப்பைக் கழற்றவில்லை. கோரிப்பாளையத்து வீட்டின் பின்பக்க அறைக்கு மெஷின் போன பிறகு அவர் அங்கே வருவது இதுதான் முதல் தடவை.

"வந்தா உள்ள வாங்க, இல்லாட்டி கதவச் சாத்திட்டு வெளிய நில்லுங்க. காத்தடிச்சா பேப்பர் காஞ்சிரும்ன்றான் உங்க தம்பி" என்றாள் சுஃபியா. ஜலாலின் மனைவி. மெஷினின் கைச்சக்கரத்துக்குப் பக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"இங்கருந்தே தெரியுது."

"இன்னும் அச்சே போடல. என்னத்த தெரியுது?"

தம்பி தவ்பீக் தலை நிமிரவில்லை. துத்தநாகத் தகட்டின் மேல் பூசிய கறுப்பு மையை, கஞ்சி போட்ட வலைத்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வட்டவட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டையில் மேடு மையை வாங்கும், பள்ளம் வெறுமையாக நிற்கும். இது அதற்கு நேர்மாறு. தகட்டில் மெழுகைப் பூசி, ஊசியால் மெழுகை மட்டும் கீறிப் படம் வரைந்து, அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, மேட்டை ஒரு பொட்டு மை இல்லாமல் துடைத்துவிட வேண்டும். அதிகம் துடைத்தால் பள்ளத்து மையும் வந்துவிடும், படம் சோகை பிடித்தது போல விழும். குறைவாகத் துடைத்தால் எல்லாம் புகை. கடைசித் துடைப்பு துணியால் செய்வதில்லை, உள்ளங்கையால். கையில் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடியைத் தட்டிக்கொண்டு, தகட்டின் மேல் உரசியும் உரசாமலும் இழுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பது கைக்குத்தான் தெரியும். இன்று தவ்பீக்கின் கைக்கு அது தெரியவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

காரணம் தகட்டில் இருந்த ஆள். அது ஜலால்.

அந்த மெஷின் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வரை கரும்புச்சாறு பிழிந்த மெஷின். தர்காவுக்குப் போகிற சாலையில் ஜலாலின் தள்ளுவண்டி நிற்கும். ஒரு சித்திரை மாதத்துப் பகலில், சக்கையோடு சேர்ந்து அவருடைய வலது கையும் உள்ளே போனது. மோட்டார் வைத்த மெஷின். மோட்டாருக்கு எது கரும்பு, எது விரல் என்று தெரியாது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. இப்போது அதே சாலையில் ஊதுபத்தி, சர்க்கரை, பூ வைத்து விற்கிறார். மெஷினைக் காயலான் கடைக்குத் தூக்கிப் போட ஆள் வந்தபோது தவ்பீக்தான் குறுக்கே நின்றான். ரோலர்களின் வரிப்பள்ளங்களை லேத் பட்டறையில் கொடுத்து மழமழவென்று கடைந்து வாங்கினான். மூன்று ரோலரில் ஒன்றை எடுத்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புப் பலகையை ஓடவிட்டான். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரம் போட்டான். சுற்றுகிற கை நின்றால் மெஷின் நிற்கும். ரோலரின் அகலம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. அதனால் தவ்பீக்கின் படங்கள் எல்லாமே ஒடுங்கி நீளமாக இருக்கும். சென்னையில் இருந்து வந்த ஒரு அம்மா, ஏன் இப்படி ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டபோது, "கரும்பு நீளமாத்தானங்க இருக்கும்" என்று சொல்லிவைத்தான்.

அச்சின் மேல் அவனுக்கு ஆசை வந்ததும் அந்த வண்டியில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து தம்ளர் கழுவுவான். ஈரத் தகர மேசையில் விரித்த செய்தித்தாளை உரித்தெடுக்கும்போது, எழுத்தும் ஒரு மீசையும் இடம் வலம் மாறித் தகரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் துடைக்க மனசு வராமல் நிற்பான். தீப்பெட்டி லேபிளில் கிளியின் சிவப்பு அதன் மூக்கைத் தாண்டி வழிந்திருந்தால் அதைத்தான் கிழித்து எடுத்து வைத்துக்கொள்வான். ஒழுங்காக விழுந்த கிளி எல்லாக் கடையிலும் இருக்கிறது. வழிந்த கிளியில், அந்த நொடியில் காகிதத்தைக் கொஞ்சம் நகர்த்திவிட்ட யாரோ ஒருவர் இருக்கிறார். "டேய், கிளியப் பாத்தது போதும், தம்ளரக் கழுவு" என்பார் ஜலால்.

அண்ணனை வரைய வேண்டும் என்று கேட்க அவனுக்கு இத்தனை வருஷம் ஆனது. ஜலால் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. மகள் ஆஷிகாவின் நிக்காஹ் ஆல்பம் வந்த நாளை அவர் மறக்கவில்லை. மாப்பிள்ளையின் தோளில் அவர் கை வைத்திருந்த படத்தில், அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தன. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் வேறு யாருடைய விரலையோ எடுத்து ஒட்டியிருந்தார். நகம்கூட வெட்டிச் சுத்தமாக இருந்தது. ஜலால் ஆல்பத்தை மூடினார். அதற்குப் பிறகு யார் பிரித்தாலும் அந்த இடத்தில் இருக்கமாட்டார்.

"வரஞ்சுக்க. ஆனா உள்ளது உள்ளபடி இருக்கணும். எனக்கு வெரலு குடுக்குற வேலையெல்லாம் வேணாம். மொதப் படத்த நான்தான் பாப்பேன். தப்பா இருந்துச்சு, நீ சொல்லுவியே, அந்தக் கோட்ட நானே போட்ருவேன்."

அந்தக் கோடு என்பது இந்தத் தொழிலின் வழக்கம். போதுமான பிரதிகள் எடுத்து முடித்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கீறல் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்தத் தகட்டில் இருந்து யார் எடுத்தாலும் கோட்டோடுதான் விழும். தவ்பீக் எப்போதோ பெருமையாகச் சொன்னதை அண்ணன் நினைவில் வைத்திருந்தார். மார்கழியில் தொடங்கி ஆடி வரை, கடைக்கு எதிர்த்திண்டில் உட்கார்ந்து, தகட்டையே மடியில் வைத்துக்கொண்டு நேராக அதில் வரைந்தான். காகிதத்தில் வரைந்து பிறகு மாற்றினால் அண்ணன் முகத்தில் இருப்பது வழியிலேயே தொலைந்துவிடும் என்று பயம்.

"மதினி, தயாரா?"

"நான் அப்பவே ரெடி. ஒங்கண்ணன்தான் வாசல்ல கலெக்டராட்டம் நிக்கிறாக."

தகட்டைப் பலகையில் வைத்தான். தண்ணீரில் ஊறி, ஒற்றி எடுத்த காகிதத்தை இரண்டு முனையையும் பிடித்து அதன் மேல் படுக்கவிட்டான். காகிதம் ஈரமாக இருந்தால்தான் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்து வரும். அதன் மேல் கம்பளி. கம்பளியில் ஒரு மடிப்பு இருந்தாலும் காகிதம் கிழியும். பலகை ரோலருக்குள் நுழைய, தவ்பீக் கம்பளியை நீவிவிட்டுக்கொண்டே கூடப் போனான்.

"கைய எடுறா!"

ஜலாலின் குரலில் சுஃபியாவின் கை சக்கரத்தில் உறைந்தது. தவ்பீக்கின் விரல்கள் ரோலரில் இருந்து ஒரு முழம் தள்ளித்தான் இருந்தன. ஜலால் உள்ளே வந்திருந்தார். செருப்புக் காலோடு, ரோலருக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் சக்கை வந்து விழுந்த பக்கத்தில் நின்றிருந்தார்.

"எடுத்துட்டேண்ணே" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான் தவ்பீக். "நிப்பாட்டாதீங்க மதினி. நடுவுல நின்னா கோடு விழுந்துரும்."

"பிஸ்மில்லாஹ்" என்று முனகிவிட்டு சுஃபியா சுற்றினாள். கம்பளி நசுங்கி, தகட்டின் விளிம்பில் ரோலர் ஏறும்போது மெஷின் ஒருமுறை முனகியது. அந்தச் சத்தம் ஜலாலுக்குத் தெரியும். அவருடைய வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. பலகை அவருடைய வயிற்றருகே மெல்ல மெல்ல வெளியே வந்து நின்றது.

வெளியே ஹாரன் கேட்டது. காளவாசலில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் ராம்கி. படத்தைச் சட்டம் போட்டுச் சாயங்காலமே சென்னைக் கண்காட்சிக்கு அனுப்புவதாகப் பேச்சு. "மாப்ள, ஆச்சா? போலீஸ்காரர் மொறைக்கிறாருடா" என்று தெருவில் இருந்து கத்தினான்.

தவ்பீக் கம்பளியை மடித்தான். காகிதத்தின் மூலையைப் பிடித்து உரித்தான். மை தகட்டை விட்டுப் பிரியும் அந்த மெல்லிய சத்தம் அவனுக்கு உலகத்திலேயே பிடித்த சத்தம். பத்திப்புகை வந்தது. மேலே தொங்கும் பூச்சரம் வந்தது. அண்ணனின் நெற்றி, கண், வெற்றிலைக் கறை படிந்த உதடு. ஒரு கோடுகூடத் தவறவில்லை. மார்பு வந்தது. கைகள் வந்தன.

காகிதத்தை முழுவதும் உரித்து வெளிச்சத்தில் பிடித்தான்.

அச்சு எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பிப் போடும். அதைத் தகரமேசைக் காலத்தில் இருந்து அறிந்தவன் அவன். தர்காவை வரைந்தாலும், மேலூர் பேருந்து நிலையத்தை வரைந்தாலும், கண்ணாடியில் பார்த்துத் திருப்பித்தான் தகட்டில் வரைவான். இந்தத் தகட்டின் அடியிலும் தன் பெயரைத் திருப்பித்தான் எழுதியிருந்தான். அது இப்போது நேராக, அழகாக விழுந்திருந்தது. பெயரைத் திருப்பியவன் அண்ணனைத் திருப்பவில்லை. எதிரில் இருந்தவரை இருந்தபடியே வரைந்துவிட்டான். எத்தனையோ தடவை தகட்டைப் பார்த்தும் தெரியவில்லை, ஏனென்றால் தகட்டில் அது சரியாக இருந்தது. காகிதத்தில் ஜலாலின் இடது கை முடமாகவும், வலது கை ஐந்து விரலோடும் இருந்தன. ஊதுபத்தியை அந்த வலது கையின் முழு விரல்கள் பிடித்திருந்தன.

"காட்டு" என்றார் ஜலால்.

காட்டினான். ஜலால் நிதானமாகப் பார்த்தார். படத்தின் வலது ஓரத்தில் இருந்த முடமான கையைப் பார்த்தார். தன் வலது கையைப் பின்னாலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் நீட்டினார். கட்டை விரல், சுண்டு விரல், நடுவில் தைத்த தழும்பு.

"தழும்பக் கூட விடலயேடா." குரல் இறங்கியிருந்தது. "சரியாத்தான் இருக்கு. காலைல கண்ணாடில பாக்குற மாரியே இருக்கு."

தவ்பீக்குக்குப் புரிந்தது. கண்ணாடியில் வலது கை வலது பக்கமே தெரியும். அண்ணன் தன்னைப் பார்த்ததெல்லாம் கண்ணாடியில்தான். இந்தப் படத்தில் இருப்பது அவர் மட்டும் அறிந்த ஜலால். ஆனால் சுஃபியா சக்கரத்தை விட்டு நகராமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து அவருக்குச் சோறு போடுகிறவள். கரண்டியை இரண்டு விரலில் இடுக்கிக்கொள்ளும் அந்தக் கை அவளுக்கு எப்போதும் இடப்பக்கம்தான் இருக்கும். அவள் வாயைத் திறந்தாள். தவ்பீக்கைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அவன் படத்தை இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து ராம்கியிடம் கொடுத்துவிடலாம். மதினி சொல்லமாட்டாள். சென்னையில் பார்க்கிறவர்களுக்கு அண்ணனைத் தெரியாது. என்றைக்காவது படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வரும் ஒருவர், உங்களுக்கு அடிபட்டது இடது கை இல்லையா என்று கேட்கிற வரை.

"மாறிருச்சுண்ணே" என்றான்.

"என்னது?"

"கை. தகட்டுல திருப்பி வரையணும். நேரா வரஞ்சுட்டேன். படத்துல இடது கைதான் வெரலில்லாத கை. சோத்துக்கை முழுசா இருக்கு."

ஜலால் மறுபடி பார்த்தார். இந்த முறை படத்தில் இருக்கும் ஆளாகத் தன்னை நினைத்துக்கொண்டு, தோளைத் திருப்பி, கைகளை அதே போல வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அப்ப எனக்கு வெரலு குடுத்துட்ட."

"தெரியாமண்ணே. மறந்து..."

"ஸ்டுடியோக்காரனும் என்ன, கெட்டது செய்யணும்னா செஞ்சான்?" அவர் மேசைக்குப் போனார். ஊசிகள் வரிசையாக இருந்தன. கனமான ஒன்றை இடது கையில் எடுத்தார். "எங்க போடணும் கோடு? குறுக்கையா?"

"என்னங்க, எட்டு மாசமா வரஞ்சிருக்கான்" என்றாள் சுஃபியா.

"நீ பேசாத. ஒனக்கும் தெரிஞ்சிருக்கு. பாத்தேன் ஒம் மூஞ்சிய."

ஹாரன் நீளமாக அடித்தது. ஜலால் ஊசியோடு தகட்டின் மேல் குனிந்தார். தவ்பீக் தடுக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் அவர் கை இறங்கவில்லை. தகட்டில் மிச்சமிருந்த மையில் படம் மங்கலாகத் தெரிந்தது.

"இதுல சரியாத்தானடா இருக்கு?"

"தகட்டுல சரிண்ணே. பேப்பருக்குப் போனா மாறிரும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

ஜலால் அவனை நம்பாதவர் போலப் பார்த்தார். பிறகு மை அரைத்த கண்ணாடிப் பலகையில் வலது உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். ஊறிக் கிடந்த இன்னொரு காகிதத்தில் அந்தக் கையை அழுத்தி எடுத்தார். உள்ளங்கை, இடப்புறம் கட்டை விரல், வலப்புறம் சுண்டு விரல், நடுவில் வெள்ளை.

வெகுநேரம் பார்த்தார். ஊசியைப் பிடித்தபடியே இடது உள்ளங்கையை மலர்த்தி அதன் பக்கத்தில் வைத்தார். அச்சில் இருந்த கட்டை விரலும் இடது கையின் கட்டை விரலும் ஒரே பக்கம் பார்த்தன. வைத்தது வலது கை. விழுந்திருந்தது இடது கை.

"என் கையே இப்படித்தான் செய்யுதா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"மாப்ள, வாரேன்டா உள்ள" என்று ராம்கியின் குரல் நடையில் கேட்டது.

ஜலாலுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஊசியை விடாமல் மறுபடி மெஷினுக்கு வந்து, பலகையில் கிடந்த தகட்டை இன்னும் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தார். குனியும்போது தாங்குவதற்காக வலது கையைப் பக்கத்தில் இருந்த இரும்பில் ஊன்றினார். அது ரோலர். மழமழப்பான அந்த உருளையில், இரண்டு விரலோடு, கறுப்பாக, அவருடைய கை பதிந்து கிடந்தது. அவர் கவனிக்கவில்லை.

சுஃபியா கவனித்தாள். சக்கரம் அசைந்துவிடாமல், அதில் இருந்து முதலில் ஒரு கையையும், பிறகு இன்னொரு கையையும் சத்தமில்லாமல் எடுத்தாள்.