தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி

அழக்கூடாது. நான் அழுதால் பிள்ளைகள் என்னைத்தான் பார்ப்பார்கள்.

முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஐரின் இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய சொல் அல்ல. போன வாரம் பள்ளியில் பேச அழைக்கப் போனபோது, இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் தவராணி சொன்னது. "நீங்கள் அழுதா பிள்ளையள் உங்களைத்தான் பாப்பினம், ரீச்சர். பிறகு நான் ஆரோட கதைக்கிறது?"

அன்றைக்கு, தகரக் கதவைச் சாத்திவிட்டு, தன் மகள் மாலினி எப்படி இறந்தாள் என்பதையும் தவராணி அவளிடம் சொல்லியிருந்தாள். சொல்லி முடித்ததும், "இதைப் பள்ளிக்கூடத்தில சொல்லமாட்டன். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்றாள். ஐரின் தலையசைத்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இப்போது திருப்பரங்குன்றம் சாலையில் இருந்த அந்த மிஷன் பள்ளியின் கூடத்தில், பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்க, தவராணி மைக்கை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் பேசினாள்.

"பாதுகாப்பு வலயம் எண்டு அரசாங்கம் சொன்னது. அதை நம்பித்தான் சனம் எல்லாம் அங்க போனது. அங்கதான் ஆமி அடிச்ச செல் விழுந்து வெடிச்சது. ஆஸ்பத்திரிக்கு மேலயும் விழுந்தது. கடைசியில முள்ளிவாய்க்கால். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ஆமி. சாப்பிட ஒண்டும் இல்லை. அரிசி, தண்ணி, உப்பு. அந்தக் கஞ்சிக்குப் பிள்ளையள் வரிசையில நிண்டதுகள். வரிசைக்கு மேலயும் செல் விழுந்தது."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வரலாறு நடத்தும் ஐரினுக்கு, இனப்படுகொலை என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் சாக்பீஸை அழுத்திப் பிடிக்கும் வழக்கம் உண்டு. இந்தப் பெண் அந்தச் சொல்லை ஒருமுறைதான் சொன்னாள், ஊர்ப்பெயரைச் சொல்வதுபோல.

பேசி முடித்ததும் எல்லோரும் அந்தக் கஞ்சியில் ஒரு வாய் குடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிச் சமையல்காரி அழகம்மாள் பெரிய போசியோடு வந்து டம்ளர்களில் ஊற்றினாள். ஐரின் ஒரு வாய் குடித்ததும் திடுக்கிட்டாள். பூண்டும் வெந்தயமும் மணந்தன.

"என்னக்கா இது? உப்பு மட்டும் போடுங்கன்னு சொன்னேன்ல?"

"என்ன டீச்சர் இப்படிப் பாக்குறீக? வந்தவுகளுக்கு வெறும் உப்புத்தண்ணிய எப்படி ஊத்துறது? மனசு கேக்கல. பெரிய வெள்ளிக்குச் சர்ச்சுல வைக்கிற மாதிரியே தேங்காய்ப்பால் ஊத்திட்டேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் தோழியிடம், "செமையா இருக்குடி" என்றது கூடம் முழுக்கக் கேட்டது. ஐரினுக்குக் காது சுட்டது.

தவராணி டம்ளரை உயர்த்திக் குடித்தாள். பிறகு சிரித்தாள்.

"நல்லா இருக்கு அக்கா. என்ர மகள் மாலினி இதைக் குடிச்சிருந்தா உங்களை விட்டிருக்கமாட்டாள். இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு எண்டு நிண்டிருப்பாள். அவளுக்கும் அப்ப உங்கட வயசுதான், பிள்ளையள். எங்கட கஞ்சியை வாங்கிக்கொண்டு வந்து, 'அம்மா, இண்டைக்கு என்ர கோப்பையில ஒரு சோறு நீந்துது, பிடிச்சுத் தரட்டோ' எண்டு கேப்பாள். பங்கர்க் குழிக்குள்ள நான் மெதுவா இறங்கினா, 'நீங்கள் சீலையைத் தூக்கிப் பிடிச்சு இறங்கிறதுக்குள்ள சண்டை முடிஞ்சிடும்' எண்டு பகிடி பண்ணுவாள்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு, சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். "சிரியுங்கோ" என்றாள் தவராணி. "அதுக்குத்தானே அவள் சொன்னது."

ரம்யாஸ்ரீ என்ற மாணவி எழுந்தாள். "அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சும்மா?"

"செத்துப்போனாள், பிள்ளை. எப்படி எண்டு சொல்லமாட்டன். அது என்னோட இருக்கட்டும்."

ரம்யாஸ்ரீ உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தாள். ஐரின் அழவில்லை. கண்ணீரைவிடப் பெரிதான ஏதோ ஒன்று நெஞ்சில் நிமிர்ந்து நின்றது. கேட்பவர்கள் தரும் இரக்கத்தை வாங்கிக்கொள்ளாமல், மகளின் கேலிப் பேச்சால் இத்தனை பேரையும் சிரிக்கவைக்கிற ஒருத்தியை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை.

சாயங்காலம் முகாமில் ஆள் சரிபார்ப்பு. அதற்குள் திரும்ப வேண்டுமென்று தவராணி கிளம்பினாள். வாசலில் அழகம்மாளிடம், "அடுத்தமுறை உப்பு மட்டும் போடுங்கோ. உங்கட கையைக் கட்டிவைக்கச் சொல்லுறன்" என்றாள்.

"கட்டுனாலும் ஊத்துவேன்" என்றாள் அழகம்மாள்.

பேருந்து போனதும் தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமினாள் ஐரினை அறைக்கு அழைத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"என்ன பொம்பளைம்மா அவங்க. நாந்தான் அழுதுட்டேன். ஐரின், அடுத்த வாரம் ஆயர் வர்றார். அவங்களை மறுபடி கூட்டிட்டு வா. மேடையில நீதான் அறிமுகம் பண்ணணும்."

"கேட்டுப் பாக்குறேன் சிஸ்டர்."

"அந்த மக கதை மட்டும் பாதியில நின்னு போச்சு. அவங்க சொல்லாட்டிப் பரவால்ல, அறிமுகத்துல நீ சொல்லிடு. உனக்குத் தெரியும்ல? அதைக் கேட்டா யாருக்கும் மனசு இளகும். முகாம் பிள்ளைகளை நம்ம ஸ்கூல்ல சேர்க்கிறதப் பத்தி அப்பவே அவர்கிட்ட பேசிடுவேன்."

சிஸ்டர் நல்லவர். கேட்பதும் நல்ல காரியத்துக்குத்தான். ஐரினைப் பயமுறுத்தியது அதுவல்ல. சிஸ்டர் பேசி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குள் வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது என்பதுகூடத் தெரிந்தது. அவளால் நன்றாகச் சொல்ல முடியும். கூடமே அழும். எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள்.

"தெரியும் சிஸ்டர்" என்றாள் ஐரின். "முகாம் பிள்ளைகளுக்காக நானே ஆயர்கிட்ட பேசுறேன். அந்தப் பொண்ணு கோப்பையில நீந்துன சோத்தைப் பத்தியும் சொல்றேன். மத்ததை நான் சொல்லமாட்டேன்."