குளவி குடியிருந்த துப்பாக்கி

மலாக்காப் பக்கம் புக்கிட் செராய் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி இராஜரட்ணத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று அவருடைய இங்கிலீஷ் கையெழுத்து. மற்றது கூடத்துச் சுவரில் மான்கொம்பின் மேல் கிடந்த இரட்டைக்குழல் துப்பாக்கி. மனைவி மனோரஞ்சிதம் இந்த வரிசையில் எங்கே வருவாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சிரித்து மழுப்பியிருப்பாள்.

துப்பாக்கி வந்த கதையை அவர் வாயால் கேட்காதவர் ஜாசின் வட்டாரத்தில் கிடையாது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன வருஷம் பழைய துரை சீமைக்கே திரும்பிவிட்டார். போகிற அன்று நாயை டாக்டருக்கும் பியானோவைக் கிளப்புக்கும் கொடுத்துவிட்டு, துப்பாக்கியை மட்டும் கிராணியின் கையில் வைத்து, இதை ஒழுங்காக வைத்திருக்கத் தெரிந்தவர் இங்கே நீர் ஒருவர்தான் என்றாராம். இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு வெள்ளைக்காரன் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. மறு மாதமே மலாக்கா தெங்கேராவில் ஒரு பத்தரைப் பிடித்து, வெள்ளித் தகட்டில் தன் பெயரைப் பொறித்துத் துப்பாக்கிக் கட்டையில் பதித்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் அதை மடியில் கிடத்தி, எண்ணெய் போட்டு, குழலுக்குள் கம்பி விட்டுத் துடைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. "குழலுக்குள்ளை ஒரு துணித்துண்டு அடைச்சுக் கிடந்தாலும் போதும், சுடுறவன்ரை முகத்திலைதான் வெடிக்கும்" என்று மனோரஞ்சிதத்திடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். இவ்வளவு சீராட்டிய துப்பாக்கியால் அவர் சுட்டதென்னவோ பச்சைப்புறாவும் அணிலும்தான்.

தம்புசாமிக் கங்காணியிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. ஒற்றைக்குழல். கட்டை விண்டுபோய்ச் செப்புக்கம்பி சுற்றியிருக்கும். அதற்கு மூக்காயி என்று பெயரே வைத்திருந்தார். சம்பளத்தை வெட்டிய மாதங்களில் கூலிக்காரர் குடியிருந்த லயத்துச் சட்டிகளில் கறி கொதித்ததென்றால், அது மூக்காயி வீழ்த்திய காட்டுப்பன்றியால்தான்.

"ஐயாவோட துப்பாக்கிக்கு வெள்ளிப் பொட்டு. நம்ம மூக்காயிக்குப் பன்னி ரத்தம். எது வீட்டுக்கு ஆகுற பொம்பளைன்னு ஊருக்கே தெரியும்லா" என்பார் கள்ளுக்கடையில். அந்தப் பேச்சு எப்படியும் கிராணியின் காதுக்கு வந்துவிடும். வந்த அன்று அவருக்குச் சோறு இறங்காது.

மழைக்காலம் முடிந்த கையோடு மலேரியா இராஜரட்ணத்தைப் படுக்கையில் போட்டது. கொய்னா மருந்தும் கஞ்சியுமாகக் கிடந்தார். ஞாயிறுகள் வந்து போயின, துப்பாக்கி சுவரிலேயே இருந்தது. அப்போதுதான் அந்தக் குளவி வந்தது. வாயில் ஈரமண்ணோடு ஜன்னல் வழியாக நுழைந்து, வலப்பக்கக் குழலின் வாய்க்குள் போவதும் வருவதுமாக இருந்தது. மனோரஞ்சிதம் விளக்குமாற்றை எடுத்தாள். வீட்டு வேலைக்கு வரும் இருசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கலைக்காதீங்கம்மா. குளவி வந்து கூடு கட்டுனா அந்த வீட்டுல தொட்டில் கட்டுவாங்க. எங்க அண்ணி வீட்டுல கட்டுன மறு மாசமே அவ முழுகாம நின்னுட்டா."

கல்யாணமாகி எட்டு வருஷம். முதலில் எல்லோரும் விசாரித்தார்கள். பிறகு விசாரிப்பதை விட்டுவிட்டார்கள். அதுதான் இன்னும் வலித்தது. புருஷன் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, அவளும் திறந்ததில்லை. விளக்குமாற்றை மூலையில் சாத்தினாள். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்று தன்னையே கடிந்துகொண்டாள், ஆனாலும் நம்பினாள். அவர் எழுந்து துப்பாக்கியைத் தொடுவதற்குள் சொல்லிவிடலாம், இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒத்திப்போட்டாள். அந்த நாலு நாள் முடிந்ததும் இன்னொரு நாலு நாள். சொல்வதற்கு வெட்கமும் பிடுங்கித் தின்றது.

ஒரு சனிக்கிழமைப் பகல், ஜாசின் பாசாரிலிருந்து அவளும் இருசம்மாளும் மாட்டுவண்டியில் திரும்பியபோது வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டிலில் ஆளில்லை. சுவரில் மான்கொம்பு மட்டும் இருந்தது.

கிணற்றடியிலிருந்து தோட்டக்கார அப்புசாமி ஓடி வந்தான்.

"புலிம்மா. லயத்து மாட்ட அடிச்சுப் போட்டுட்டு பாயாவுல படுத்துக்கிடக்கு. தொரை மலாக்கா டவுனுக்குப் போயிட்டாரு. கங்காணி வந்து ஐயாவக் கூப்பிட்டாரு."

"காய்ச்சல்காரரையா?"

"முடியலன்னா படுங்க ஐயா, மூக்காயி பாத்துக்குவான்னு சொன்னாரு. அவ்வளவுதான். ஐயா சட்டைப் பித்தானக்கூடப் போடாமக் கிளம்பிட்டாரு."

"குழலுக்குள்ளை பார்த்தவரோ? ஒருக்காலாவது பார்த்தவரோ?"

"தோட்டாவப் போட்டாரு, மூடினாரு, போயிட்டாருமா."

அவர் ஏன் பார்க்கப் போகிறார்? கடைசியாகத் துடைத்தது அவருடைய கை. அதற்குப் பிறகு வேறு கை அதைத் தொடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.  மனோரஞ்சிதம் செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

பாயா என்பது தோட்டத்தின் கீழ்க்கோடியில் இருந்த சதுப்பு நிலம். ஆள் உயரத்துக்கு லாலான் புல் மண்டிக் கிடக்கும். அதற்குப் போக ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்க வேண்டும். வேர் தடுக்கி இரண்டு இடத்தில் விழுந்தாள். பின்னால் இருசம்மாள் அழுதுகொண்டே வந்தாள். "நான்தாம்மா பாவி, நான்தாம்மா சொன்னேன்" என்று அவள் புலம்பியது மனோரஞ்சிதத்தின் காதில் விழவே இல்லை. அவர் முகம்தான் கண்முன் வந்தது. காய்ச்சலில் ஒடுங்கிய கன்னம், அந்தக் கன்னத்தோடு ஒட்டிய கட்டை.

மரங்கள் முடிகிற இடத்துக்கு வந்தபோது தகரச் சத்தம் கிளம்பியது. லயத்து ஆண்கள் வரிசையாகப் புல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, பால் வாளியையும் மண்ணெண்ணெய் டின்னையும் அடித்துப் புலியை இந்தப் பக்கம் விரட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டே பேர். விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் இடது மூலையில் தம்புசாமி. வலது மூலையில், மறைவு ஒன்றும் இல்லாத வெட்டவெளியில், இராஜரட்ணம். வேண்டுமென்றே அப்படி நின்றார். மறைந்து நின்றால் அதற்கும் ஒரு பேச்சு வருமே.

"சுடாதேங்கோ" என்று கத்தினாள். நாற்பது டின்களின் இரைச்சலில் அவள் குரல் எடுபடவில்லை. மறுபடி கத்தினாள். தொண்டை கிழிந்ததுதான் மிச்சம்.

தம்புசாமி அவளைப் பார்த்துவிட்டார். போ, போ என்று கையை வீசினார். அவள் புல்லோரமாகவே ஓடினாள். பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், லாலான் ஒரு கோடாக அசைந்து வந்தது. அதைப் பார்த்தாள், பார்த்தும் நிற்கவில்லை. பயம் இல்லாமல் இல்லை. அதைவிடப் பெரிய பயம் முன்னால் நின்றது.

இராஜரட்ணம் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். விரல் விசைக்குப் போயிற்று. அவள் பக்கவாட்டில் பாய்ந்து இரண்டு குழலையும் சேர்த்துப் பற்றினாள்.

"விடும். உமக்கு விசரே?"

"சுடாதேங்கோ. குழல் அடைச்சுக் கிடக்கு."

அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஏறியிருக்காது. காய்ச்சலும் ரோஷமும் சேர்ந்த பலத்தில் உதறினார். அவள் பிடி நழுவியது. வேறு வழி தோன்றாமல் எதிரே வந்து, துப்பாக்கியின் வாயைத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். இனிமேல் சுடுவதென்றால் அவளைத்தான் சுட வேண்டும்.

அந்த நொடியில் புலி வெளியே வந்தது. மனோரஞ்சிதம் அதைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்றம் அடித்தது, ஈரத்தரையில் கனமாக எதுவோ ஊன்றி எழும்பியது, அவர் கண்கள் அதைத் தொடர்ந்து போயின. மூக்காயி வெடித்தது. அவ்வளவு ஆண்டுகளில் முதல் தடவையாக அதுவும் தப்பியது. நடுவில் அவள் நிற்கும்போது தம்புசாமி எப்படிக் குறி வைப்பார்? புலி ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது.

டின் சத்தம் ஓய்ந்தது. ஆட்கள் புல்லை விலக்கிக்கொண்டு வந்து சுற்றிலும் நின்றார்கள். யாரோ பின்வரிசையில் முணுமுணுத்தான்.

"இன்னைக்கு மாடு. நாளைக்குக் கருக்கல்ல பால் வெட்டப் போற நம்ம பொம்பளைங்க. இந்தம்மாவுக்கு என்னா தெரியும்."

இராஜரட்ணத்தின் முகம் வெளிறியிருந்தது. "இத்தினை பேருக்கு முன்னாலை என்னைப் பேடியாக்கிப்போட்டீர்" என்றார். அவள் துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கித் தம்புசாமியிடம் நீட்டினாள். அதை வேறொருவன் தொட்டதை அவர் அன்றுதான் பார்த்தார். தடுக்கவும் அவருக்குத் தெம்பில்லை.

தம்புசாமி துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை எடுத்தார். வானத்தைப் பார்த்துக் கண்ணை வைத்தார். ஒரு குழலில் வெளிச்சம் தெரிந்தது, இன்னொன்றில் இல்லை. ஒரு குச்சியை ஒடித்துக் குத்தினார். காய்ந்த மண் கட்டி கட்டியாகக் கொட்டியது, கூடவே வெள்ளைப் புழு இரண்டு. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"சுட்டிருந்தா ஐயாவுக்குத் தல இருந்திருக்காது" என்றார் தம்புசாமி மெதுவாக. முணுமுணுத்தவன் பின்னால் நகர்ந்துகொண்டான்.

இராஜரட்ணம் அந்த மண்ணையே பார்த்தார். "உமக்கு முந்தியே தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே விட்டு வைச்சனீரோ? ஏன்?"

பொய் சொல்லலாம். மறந்துபோனேன் என்றால் முடிந்தது. ஆனால் சற்றுமுன் அவர் உயிரைக் கொண்டுபோய் விளிம்பில் நிறுத்தியது அந்த மறைப்புதான். இன்னொரு மறைப்புக்கு அவளிடம் தைரியம் இல்லை. நாற்பது ஆண்கள் நிற்கிற இடத்தில், தாயிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள்.

"குளவி கூடு கட்டினால் வீட்டிலை பிள்ளை பிறக்கும் எண்டு சொல்லிச்சினம். கலைக்க மனம் வரேல்லை."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்களும் சிரிக்கவில்லை. தம்புசாமி துப்பாக்கியைத் தன் தலைத்துண்டால் துடைத்து மரத்தில் சாய்த்து வைத்தார்.

"எல்லாம் கெளம்புங்க. பொம்பளைங்க நாளைக்குத் தனியாப் போக வேணாம், ரெண்டு ரெண்டு பேராப் போகட்டும். நான் மூக்காயியோட கூடவே வர்றேன்." அழுதுகொண்டு நின்ற இருசம்மாளையும் தோளைத் தட்டி அழைத்துக்கொண்டு போனார்.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள். இராஜரட்ணம் விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தார். காய்ச்சல் திரும்பியிருந்தது, பல் கிட்டியது. திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். ஊருக்கு அனுப்பிவிடுவார் என்றுகூட நினைத்தாள்.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சிரிப்பியள் எண்டு நினைச்சன். உங்களுக்கு அந்த எண்ணமே இல்லை எண்டும் நினைச்சன். ஒருநாளாவது கதைச்சனீங்களோ?"

 அவர் அவளைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்துப் பேசினார்.

"கதைச்சால் உமக்கு நோகும் எண்டு விட்டனான். ஞாயிற்றுக்கிழமையளிலை மடியிலை கிடத்தித் துடைச்சுக்கொண்டிருக்க எனக்கு வேறை என்ன இருந்தது?"

அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே வலியை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டோமே என்று நினைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் முந்தானைக்குள் வைத்துப் பொத்தினாள்.

"பிறந்தால் என்ன பேர் வைக்கிறதெண்டு நினைச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார்.

"ஓம். நீங்கள்?"

"நானும்தான்."

"எப்ப இருந்து?"

"கலியாணம் முடிச்ச வருஷத்திலை இருந்து" என்றார் அவர். "முதலிலை நீர் சொல்லும்."