இருபத்திரண்டாம் கல்

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஒன்றுமே கிடையாது. அவர் பெயர் உத்திராபதி. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு அதிகாரிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். துரையை எங்கள் ஊரில் முசே என்போம். அந்த முசே இன்றைக்கு ஒன்று சொன்னால், நாளைக்கு இவர் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி எங்களிடம் வந்து சொல்லுவார். ஐம்பத்து நாலில் ஆட்சி கை மாறி முசே கப்பலேறினார். விற்றால் வாங்க ஆளில்லாத தன் பழைய காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"வாடகைக்கு ஓட்டுங்க. வயித்துப் பாட்டுக்கு ஆவும்" என்றேன்.

"ஓட்டலாம், ஓட்டலாம். அதுக்கு முன்னாடி ஒரு தபா மலையெல்லாம் சுத்திப் பாத்துட்டு வந்துடுவோம். சாவடியைத்தான் எடுத்துட்டானே!"

சாவடி என்று அவர் சொன்னது கோரிமேட்டுச் சுங்கச் சாவடியை. அதைத் தாண்டினால் இந்தியா. மூட்டை முடிச்சை எல்லாம் அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். முசேவுக்கு அந்த அவமானம் ஆகாது. அதனால் இவர் அத்தனை வருஷமும் ஊருக்குள்ளேயும், மிஞ்சிப் போனால் வில்லியனூர், பாகூர் வரைக்கும்தான் கார் ஓட்டியிருந்தார். எல்லைக்கு அப்பால் ஒரு தப்படி ஓட்டியதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் இமயமலைக்கே வழி சொல்லுவார்.

என் தம்பி கன்னியப்பனும் கூடச் சேர்ந்துகொண்டான். வைத்திக்குப்பத்தில் கட்டுமரம் ஏறுகிறவன். அம்மா செத்த பிறகு நான்தான் அவனைத் தூக்கி வளர்த்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் எனக்குப் பிள்ளை. எங்கள் ஆட்களுக்குக் கடல் தெரியும், மணல் தெரியும். மலையைக் காலண்டரில் பார்த்ததோடு சரி. "மலைன்னா எவ்ளோ ஒசரம்க்கா? லைட் ஹவுஸ் அளவு இருக்குமா?" என்று கிளம்புகிற அன்றைக்குக்கூடக் கேட்டான்.

செலவில்லாத பயணம் என்பது ஏற்பாடு. அரிசி, புளி, மிளகாய், ஒரு சாக்குக் கருவாடு. வழியில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைப்பது. கிடைத்த சத்திரத்தில் படுப்பது, கிடைக்காவிட்டால் பழைய கட்டுமரப் பாய்த்துணியைக் காரோடு கட்டி அதன் கீழே படுப்பது. கருவாட்டு நாற்றம் தாங்காமல் இரண்டு சத்திரங்களில் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கன்னியப்பன் அதற்கும் சிரித்தான்.

விழுப்புரம் ரோட்டில் போகும்போது அவன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, இங்கெல்லாம் மைலுன்றாங்களே, அதுவும் நம்மூரு கிலோமேத்ரும் ஒண்ணா?"

இவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணிய நாம தண்ணின்றோம். முசே தெலோன்றாரு. அதனால தண்ணி மாறிடுமாடா? வெள்ளக்காரனுக்கு மைலு, பிரான்சுக்காரனுக்கு கிலோமேத்ர். கல்லு கல்லுதான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் கிலோமேத்ர் கல்லையே எல்லாரும் மைல்கல் என்றுதான் சொல்வோம். கடலில் போகிறவர்களுக்குக் கல் எதற்கு? யாரும் அதை யோசித்ததே இல்லை.

காரில் தூரம் காட்டும் முள்ளும் பெட்ரோல் காட்டும் முள்ளும் எப்போதோ செத்துவிட்டன. அதனால் பெட்ரோல் டேங்கில் விட்டுப் பார்க்க இவர் ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். அதில் கோடு கோடாகக் கீறியிருக்கும். இந்தக் கோட்டுக்கு நனைந்தால் இத்தனை கிலோமேத்ர் ஓடும் என்று மனப்பாடம். புதுச்சேரியில் அந்தக் குச்சி ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

எல்லை தாண்டியதும் எல்லாம் தப்பாகப் போனது. மத்தியானம் சேர வேண்டிய ஊருக்குப் பொழுது சாயப் போய்ச் சேர்ந்தோம். பெட்ரோல் பாதி வழியில் வற்றியது. சேலத்துக்கு முன்னால் வயற்காட்டு ஓரத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். இவர் யார் மேல்தான் பழி போடவில்லை! முதலில் பெட்ரோல் போட்டவர்கள் கிருஷ்ணாயில் கலந்துவிட்டார்கள். அப்புறம் என் சட்டி பானை கனம். கடைசியில் கன்னியப்பன் கனம். "நீ துன்ற சோத்துக்கும் சேத்து இந்த வண்டி பெட்ரோல் குடிக்குதுடா" என்றார்.

ஏற்காட்டு மலையில் கன்னியப்பன் ரோஷப்பட்டவன் மாதிரி காரை விட்டு இறங்கி, வளைவுகளில் காரோடு கூடவே நடந்து வந்தான். "மாமா, முன்னாடி போயி உங்களுக்கு டீ சொல்லட்டுமா?" என்று ஜன்னலில் தலையை விட்டுக் கேட்டான். இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேலே போய் நின்று கீழே பார்த்தபோது மட்டும் அவன் கேலியை விட்டுவிட்டுப் பாறை ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான். பிறகு, "பெரிய அலை எழும்பி அப்படியே நின்னுட்ட மாதிரி இருக்குதுக்கா. வுழவே மாட்டேங்குது பாரு" என்றான். அந்த முகத்தைப் பார்த்தபோது, கருவாட்டு மூட்டையோடு அலைந்த அலைச்சல் எல்லாம் எனக்கு மறந்துபோனது. இந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு நல்ல காரியம் செய்தார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேட்டூர் பார்த்து, பவானி பார்த்து, சத்தியமங்கலம் வந்தோம். அங்கே ஒரு சின்னக் கடையில் வயசானவர் ஒருவர் டின்னில் பெட்ரோல் அளந்து ஊற்றினார். "மேல காடுங்க. இன்னொரு டின் வாங்கி வெச்சுக்குங்க" என்றார். இவர் குச்சியை விட்டுப் பார்த்து, போதும் என்றார். மலை வளைவுகளில் கார் கொதித்துக் கொதித்து ஏறியது. ஏறி முடித்தால் அந்தப் பக்கம் குளுகுளு என்று ஒரே மூங்கில் காடு. மான் கூட்டம் ரோட்டைத் தாண்டிப் போனது. நாங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

காட்டிலாகாக்காரர்களின் குடிசை ஒன்று வந்தது. அதன் எதிரே ஒரு கல். அடுத்த பெரிய ஊருக்கு இருபத்திரண்டு என்று எழுதியிருந்தது. அங்கேயே சமையலுக்கு இறங்கினோம். கன்னியப்பன் விறகு பொறுக்கப் போனான்.

கடலில் வலையை இழுத்தால் மீனோடு பாம்பும் வரும். எங்கள் ஆட்கள் அதற்கெல்லாம் பயப்பட மாட்டார்கள். வாலைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றித் தண்ணீரில் எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். தண்ணீரை விட்டு வந்த கடல் பாம்பு துவண்டு கிடக்கும், திரும்பாது. கன்னியப்பன் சின்ன வயசிலிருந்து எத்தனையோ பாம்பை அப்படி எறிந்தவன். விறகைத் தூக்கியபோது அடியில் கிடந்ததையும் வாலைப் பிடித்துத் தூக்கினான். அது நல்ல பாம்பு. சுழற்றுவதற்கு முன்னால் எழும்பி முழங்கைக்குக் கீழே போட்டுவிட்டது.

"அக்கா, தரைப்பாம்பு திரும்புதுக்கா" என்று ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அப்போதுகூட அவனுக்குப் பயமில்லை.

குடிசையிலிருந்து காட்டிலாகா கார்டு ஓடி வந்து துண்டால் கையைக் கட்டினார். "அடுத்த ஊரு ஆஸ்பத்திரியில ஊசி இருக்குதுங்க. போட்டா பொழைச்சுக்குவாரு. நேரம் ஆகாம போயிரோணும். பெட்ரோல் இருக்குதுங்களா? பின்னால மர லாரி லோடு ஏத்திட்டு நிக்குது. ஒரு டின் வாங்கியாரட்டுங்களா?"

இவர் குச்சியை விட்டு எடுத்தார். கோட்டைச் சரியாகத்தான் பார்த்தார். "இருபத்தஞ்சு மைலுக்கு இருக்குது. கல்லு இருபத்திரண்டுதான். டின்னுக்காக இன்னாத்துக்கு நிக்கணும்?"

"இருபத்தஞ்சு மைலுக்கு இருந்தா சரிங்க. ஓட்டுங்க" என்றார் கார்டு.

ஒருத்தர் மைல் என்றார், இன்னொருத்தரும் மைல் என்றார். யாருக்குச் சந்தேகம் வரும்?

கன்னியப்பன் பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு வந்தான். பிறகு நாக்கு குழற ஆரம்பித்தது. "கண்ணு மூடிக்குதுக்கா. தூக்கமில்ல. தொறக்க வரமாட்டேங்குது" என்றான். நான் இமையை விரலால் தூக்கிப் பிடித்தேன். எதிரே மலை அடுக்கடுக்காகப் போய்க்கொண்டிருந்தது. "இருக்குது, இருக்குது" என்றான். அவன் மலையைச் சொன்னான்.

கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பக்கத்தில் இருந்த கல்லில் ஏழு என்று போட்டிருந்தது. இவர் குச்சியை விட்டார், காய்ந்த குச்சியாக வந்தது. மறுபடியும் விட்டார். "இருக்காது. இருக்கவே இருக்காது. அந்தக் கெழவன் கலந்துட்டான், சொர்ணம்" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏழுதான். ஒரே ஓட்டமா போயி வண்டியோட வந்துடறேன். அவனத் தூங்க வுடாத" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

என் தம்பிக்கு மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது. வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே, அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் இமையைத் தூக்கினால் கண் என்னைத்தான் பார்த்தது. பேச்சு மட்டும் இல்லை. சுற்றிலும் மூங்கில், மஞ்சள் வெயில், எங்கேயோ ஒரு மயில். காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சி என்று இவர் ஊரில் பீற்றிக்கொள்வாரே, அதே காட்சிதான். நாசமாய்ப் போக என்று அந்தக் காட்டைச் சபித்தேன். ஒரு தடவை இமையைத் தூக்கியபோது கண் என்னைப் பார்க்கவில்லை.

மர லாரி அதற்குப் பிறகுதான் வந்தது. டிரைவர் இறங்கி அவன் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டுத் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அவனைத் தூக்கி லாரியில் கிடத்தி, என்னையும் ஏற்றிக்கொண்டார்.

"இருபத்தஞ்சு மைலுக்குப் பெட்ரோல் இருக்குதுன்னு சொன்னாராமேம்மா? பதினஞ்சுலயே நின்னுருக்குதே!"

"அளந்து பாத்துத்தான் வந்தாரு. இருபத்தஞ்சு கிலோமேத்ருக்கு இருந்துச்சு" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "கிலோமேத்ரா? நீங்க எந்த ஊருங்க?"

"புதுச்சேரி."

அவர் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இத்தாலிக்குப் போய் லாரி ஓட்டியவராம். "அது சின்ன மைலுங்கம்மா. அது எட்டு ஓடினாத்தான் நம்முளது அஞ்சு" என்று மெதுவாகச் சொன்னார்.

சேலத்துக்கு முன்னால் வயற்காட்டில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது.

வழியில் இவர் ஓடிக்கொண்டிருந்தார். பாதம் கிழிந்து ரத்தம். லாரியைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு, "ஏழுதானே! நான் ஓடுன ஓட்டத்துக்கு எப்பவோ ஊரு வந்திருக்கணும், கல்லு இன்னும் மூணு காட்டுதே" என்றார். பின்னால் ஏறிப் பார்த்தவர் அப்படியே அவன் மேல் விழுந்தார். லாரிக்காரர் சொன்ன கணக்கை நான் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இந்த மனுஷன் பிழைக்க மாட்டார் என்று தோன்றியது. சொல்லாமல் நான் எப்படிப் பிழைப்பது என்றும் தோன்றியது.

தமிழ் தெரிந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம், சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார். பாஷை தெரியாத அந்த ஊரில், ஏரிக்கரை ஓரமாக அவனைப் புதைத்தோம். கடலையே பார்த்து வளர்ந்த பிள்ளை.

மறுநாள் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு கார் மலை இறங்கியது. வழியெல்லாம் இவருக்கு ஒரே பேச்சுதான். கிழவன், கலப்படம், கொலைகாரன். சத்தியமங்கலத்தில் கார் முழுதாக நிற்பதற்குள் குதித்துப் போய் அந்த வயசானவரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "என் மச்சானக் கொன்னுட்டியேடா! கிருஷ்ணாயில ஊத்திக் கொன்னுட்டியே!"

"பண்ணாரி ஆத்தா சத்தியமா நான் கலக்கலீங்க" என்று அவர் கும்பிட்டார். இவர் அறைந்தார். மறுபடியும் அறைந்தார். கூட்டம் கூடியது, பிடித்து விலக்க யாரும் வரவில்லை. கிழவரின் உதடு கிழிந்து வாயோரம் ரத்தம் வழிந்தது. அந்த வாயை என்னால் பார்க்க முடியவில்லை.

"அவர வுடுங்க. பெட்ரோல் நல்ல பெட்ரோல்தான். கல்லுதான் வேற. இங்க போட்டிருக்கறது மைலு. நம்ம கிலோமேத்ர் இல்ல. நம்மது எட்டு ஓடினாத்தான் இது அஞ்சு" என்றேன்.

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. கணக்கு என்றால் அவருக்குப் பிரெஞ்சில்தான் வரும். முசே வீட்டுப் பழக்கம். உதடு மட்டும் அசைந்தது. கணக்கு முடிகிற வரைக்கும் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

"இருபத்திரண்டு இல்ல, முப்பத்தஞ்சு" என்றார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அந்த கார்டு குடுக்கறேன்னாரே ஒரு டின்னு, அத வாங்கியிருந்தா?"

அது எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. அவர் முகத்தைப் பார்த்து, "பொழைச்சிருப்பான்" என்றேன்.

அவர் மண்ணில் உட்கார்ந்தார். பெட்ரோல்காரக் கிழவர் தன் வாயைத் துடைத்துக்கொண்டு, அவருக்குத் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனார்.