கரண்ட்டுக்குக் கட்டம் இல்லை

மெஷின் கதவு திறந்ததும் இடது கை ஆறு மூடிகளையும் ஒரே பிடியில் அள்ளியது. முழங்கை கதவைத் தள்ளிச் சாத்தியது. அடுத்த ஆறு வருவதற்குள் வலது கை கத்தியால் பிசிறு சீவி முடித்திருந்தது. பதினோரு வருஷமாக இதே பிளாஸ்டிக் மெஷின், இதே டப்பா மூடிகள். எல்லோருக்கும் அவள் மூடிக்கார அக்கா.

இன்று பக்கத்தில் வெளிநாட்டுத் தலைமை ஆபீஸிலிருந்து விமானமேறி வந்த அதிகாரி, கடிகாரமும் கையுமாக நின்றார். அவர் எழுதுவதை வைத்துத்தான் மெஷின் இங்கே இருக்குமா, அவர்கள் நாட்டுத் தொழிற்சாலைக்குப் போகுமா என்று முடிவாகும். மெஷின் போனால் அவளுக்கும் வேலை போச்சு.

"ஒரு தடவைக்கு இருபத்திரெண்டு செகண்டு!" சூப்பர்வைசர் காதருகே கத்தினார். "அவங்க ஊர்ல இருபத்தெட்டாம். பிச்சு உதறுறீங்கக்கா!"

"பேச்சு குடுக்காதீங்க சார், கை தப்பிடும்" என்றாள். மனசுக்குள் குளிர்ந்துதான் போனாள்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.

உருகிய பிளாஸ்டிக் குழாய்க்குள் இறுகிவிடும். கரண்ட் வந்த பிறகு சூடேற்றி, பழையதைப் பிதுக்கித் தள்ள நாற்பது நிமிஷம் ஆகும். அதிகாரியின் கடிகாரம் மட்டும் நிற்கவில்லை.

"அத நிறுத்தச் சொல்லுங்க சார்."

சூப்பர்வைசர் அவரிடம் பேசிவிட்டு வந்தார். "படிவத்துல கரண்ட்டுக்குக் கட்டம் இல்லையாம். ஆளு, நேரம், மூடி, அவ்வளவுதானாம்."

"அவங்க ஊர்ல கரண்ட் போனா எங்க எழுதுவாங்களாம்?"

கேள்வியைக் கேட்டு அதிகாரி நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"போனதே இல்லையாம்க்கா."

"மூணு வருஷமா ஜெனரேட்டர் கேக்கறோமே, அதையாவது சொல்லுங்க!"

"சொல்லாமலா? மூடி கணக்கு ஏறினாத்தான் ஜெனரேட்டராம்."

"ஜெனரேட்டர் வந்தாத்தானே சார் கணக்கு ஏறும்?" அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியை மேஜையில் விட்டெறிந்தாள். அதிகாரி மரியாதையாகச் சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் கரண்ட் இன்னும் இரண்டு தடவை போனது.

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. ஆட்களின் வேகம் போதவில்லை என்று எழுதியிருந்தது. சூப்பர்வைசர் அதை வாசித்துக் காட்டினார். "யாரு வேகம் சார்? நீங்கதானே பக்கத்துல நின்னீங்க?" என்றாள். அவர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

மெஷினைக் கழற்ற லாரியோடு ஆட்கள் வந்த அன்று, சூப்பர்வைசர் போனும் கையுமாக அவளைத் தேடி வந்தார்.

"அக்கா, ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. அங்க புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கணுமாம். அந்த முழங்கை வித்தையத்தான் கேக்கறாங்க."

அவள் மெஷினருகே போனாள். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"மூஞ்சி வேணாம்க்கா" என்றபடி அவர் போனை அவள் கழுத்துக்குக் கீழே இறக்கினார். "கைய மட்டும் எடுக்கச் சொல்லியிருக்காங்க."