மோதிரத்தைத் தொடும் அசுரன்

ஒரு மனிதனைப் பழிவாங்குவதற்கு, அந்த மனிதனிடமே ஐந்து வருடம் வேலை பார்த்தவள் ஒருத்தி உண்டு. ஆபீஸில் அவளை அசுரம்மா என்பார்கள். அவளும் அந்தப் பெயருக்குக் கோபித்துக்கொள்வதில்லை. கோபத்தை அப்படிச் சில்லறை விஷயங்களில் செலவழிக்கிற ஆள் அல்ல அவள்.

வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி அது. அசுரம்மாவின் வேலை, யாரோ வரைந்து கொடுத்த உருவத்துக்குக் கம்ப்யூட்டரில் நடை பழக்குவது. எலும்பு எலும்பாகப் பூட்டி, இந்த அசுரன் எப்படித் திரும்புவான், எப்படிக் கையை ஓங்குவான், அடி வாங்கினால் எந்தப் பக்கம் சரிவான் என்று ஒவ்வொரு அசைவாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மனிதர்களைப் பார்க்கத் தெரிய வேண்டும். அவள் கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டாள், முழங்கால் எப்படி மடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கம்பெனியின் பெரிய வேலை 'ஏழு வாசல்' என்ற கேம். கதை சுத்தப் புராணம். செத்துப்போன தங்கையை மீட்க ஒருவன் பாதாளத்துக்கு இறங்குகிறான். வழியில் ஏழு வாசல், வாசலுக்கு ஓர் அசுரன். ஆறு பேரைத் தாண்டுவதற்குள்ளேயே விளையாடுகிறவனுக்குத் தாவு தீர்ந்துவிடும். ஏழாவது ஆள் தவம் கிடந்து சாகாவரம் வாங்கியவன். ஆனால் ஓட்டை இல்லாத வரம் எந்தப் புராணத்தில் இருக்கிறது? அவன் வரத்தில் ஓட்டை எங்கே என்று முடிவு செய்யும் பொறுப்பு அசுரம்மாவிடம் வந்தது. அன்றைக்கு அவள் மேஜைக்கு அடியில் இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

காரணம் அவளுடைய அண்ணன்.

அண்ணனும் அதே ஆபீஸில்தான் இருந்தான். பாதாளம், ஏழு வாசல், தங்கையைத் தேடிப் போகிற தமையன், எல்லாம் அவன் தலையில் உதித்தவை. சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளுக்கு முதலில் வரைந்து காட்டியதே அவன்தான். பிறகு கம்பெனிக்குப் போதாத காலம் வந்தது. செய்துகொண்டிருந்த வேறொரு கேமின் படங்கள் வெளியே கசிந்தன. போட்டிக் கம்பெனி முந்திக்கொண்டது. பாதிப் பேர் வேறு இடத்தில் வேலை தேட ஆரம்பித்தார்கள். அந்தக் களேபரத்துக்கு நடுவில் ஒரு நாள் முதலாளி எல்லாரையும் கூட்டி நிற்க வைத்தார்.

"தம்பி சொந்தக் காரணத்துக்காக நம்மளை விட்டுப் போறாரு. எனக்கும் வருத்தம்தான்" என்று அண்ணனைக் காட்டிச் சொன்னார்.

சொல்லும்போது அவருடைய கட்டைவிரல் மோதிரவிரலுக்குப் போய், அங்கிருந்த தடித்த மோதிரத்தை அரைச் சுற்றுச் சுற்றியது. அசுரம்மா அதைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கை பழக்கம். "அடுத்த மாசம் கண்டிப்பா லீவு" என்று மோதிரத்தைச் சுற்றினால் அந்த லீவு கிடைக்காது. "உன் சம்பள உயர்வை அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன்" என்று சுற்றினால் சொல்லியிருக்க மாட்டார். மனிதர் பொய் சொல்வதற்கு அரை நொடி முன்னால் கை தானாக மோதிரத்துக்குப் போகும். அது அவருக்கே தெரியாது.

சாயங்காலம் அண்ணன் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பெட்டியை அவன் கீழே வைப்பதற்குள் அவள் வெடித்தாள்.

"நீயா போகல. அவன்தானே உன்னை வெளிய தள்ளினான்?"

"ம்."

"உன் கதையைத் தன் பேர்ல போட்டுக்கத்தானே?"

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா அழ ஆரம்பித்தாள். நாலு மாதம் கழித்து 'ஏழு வாசல்' என்று ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் ஒட்டினார்கள். கதை, உருவாக்கம் என்பதற்குக் கீழே முதலாளியின் பெயர் மட்டும் இருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவள் மானமுள்ளவளாக இருந்தால் அன்றைக்கே வேலையை விட்டெறிந்திருக்க வேண்டும் என்று சித்தி வீட்டிலும் பெரியப்பா வீட்டிலும் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அண்ணன் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போனான். பேனாவைத் தொடுவதில்லை, வாய் திறப்பதில்லை. நிச்சயமாகியிருந்த கல்யாணமும் நின்றது. அவன் தலை குனிந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றியெரியும். உலகத்துக்கு முன்னால் அந்த ஆளின் பொய்யைப் பொய்யென்று காட்ட வேண்டும், அண்ணனின் பெயரை அவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு தன் வேலை போனாலும் சரி, உயிர் போனாலும் சரி. இப்படித்தான் அவள் நினைத்தாள்.

ஏழாவது அசுரனுக்கு எருமைத் தலை, நான்கு கை, பனைமர உயரம். முகத்தில் முதலாளியின் சாயல் கடுகளவும் கிடையாது. அவள் முகத்தைத் தொடவே இல்லை. உடம்பை எடுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் சாய்ந்த நடை, நின்ற பிறகும் அரையடி முன்னால் போய் நிற்கும் தொந்தி, பேசுவதற்கு முன் தாடையைத் தூக்குவது. கடைசியாக அந்த மோதிரம்.

கேமைச் சோதித்துப் பார்க்கிறவன் ஒருத்தன் இருந்தான். நாள் முழுக்க விளையாடி, செத்து, எங்கே தப்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவன் உத்தியோகம். அதனால் அவனுக்கு நித்தியகண்டம் என்று பெயர்.

"அக்கா, இன்னிக்கு நூத்திப் பதினாலு தடவை செத்துட்டேன். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க. ஒரு வழி விடுங்க."

"அவன் கையைப் பாரு."

"எந்தக் கையை? நாலு வெச்சிருக்கீங்களே!"

"மோதிரம் போட்ட கையை. மோதிரத்தைச் சுத்தினான்னா அடுத்தது பொய். வலது பக்கம் ஓங்குவான், ஆனா அடி இடது பக்கத்துலேருந்து வரும். நீ பயந்து இடது பக்கம் ஓடுற, அங்கதான் சாகுற. ஓங்குற பக்கமே சாய்ஞ்சு உள்ள புகுந்து குத்து. அந்த அரை நொடி மட்டும் அவனுக்கு வரம் கிடையாது."

நித்தியகண்டம் மறுபடியும் உட்கார்ந்தான். கண்ட்ரோலரைப் பிடித்த கையோடு உடம்பே வலப்பக்கம் சாய்ந்தது. அசுரன் அலறிக்கொண்டு மண்டி போட்டான். நித்தியகண்டம் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டான். அசுரம்மா மட்டும் திரையில் மண்டி போட்டுக் கிடந்தவனைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளிக்குத் தெரியாமலா போயிற்று? தெரியவே இல்லை. சோதிப்பவர்களின் வசதிக்காக, அடித்தாலும் சாகாத மாதிரி ஒரு ரகசியப் பொத்தான் வைத்திருப்பார்கள். முதலாளி விளையாட வந்தால் முதல் காரியமாக அதை அமுக்கிவிடுவார். பத்து நிமிஷத்தில் ஏழு வாசலையும் கடந்து, "பிரமாதம்" என்று எழுந்து போய்விடுவார். சாகவே மாட்டோம் என்று தெரிந்தவன் எதிரியின் கையை ஏன் பார்க்கப் போகிறான்?

கேம் வெளிவந்தது. ஜனங்கள் திட்டித் திட்டி விளையாடினார்கள். ஏழாவது வாசலில் முந்நூறு தடவை செத்தவர்கள், நானூறு தடவை செத்தவர்கள், மாமியாரிடம் எரிந்து விழுந்தவர்கள் என்று இணையம் முழுக்க ஒரே ஒப்பாரி. 'மோதிரம் சுத்தினா அடுத்தது பொய்' என்பது ஊர் கடந்து நாடு கடந்து எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. கட்டைவிரல் மோதிரத்துக்குப் போவதைக் கண்டால் உடம்பு தன்னால் வலப்பக்கம் சாயும் அளவுக்கு அவள் அவர்களைப் பழக்கிவிட்டாள்.

வெற்றி விழாவுக்கு ஒரு பெரிய அரங்கத்தை எடுத்தார்கள். காலை பதினொரு மணி. ஏழாம் வாசலைத் தாண்டிய முந்நூறு பேரை அழைத்திருந்தார்கள். மேடையில் முதலாளி ஒருவர்தான். அவருக்குப் பின்னாலிருந்த திரையில் அவரையே பனைமர உயரத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நிருபர்கள் வரிசையில் ஒருத்தியிடம் அசுரம்மா முந்தின நாளே ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் எழுந்தாள்.

"சார், இந்தக் கதையை முதல்ல யோசிச்சவர் உங்க கம்பெனியில இருந்தாராமே? அவர் ஏன் இப்ப இல்ல?"

முதலாளி தாடையைத் தூக்கினார். திரையில் தூண் பருமனுக்குத் தெரிந்த கட்டைவிரல் மோதிரத்துக்குப் போய் அதை அரைச் சுற்றுச் சுற்றியது.

"அவர் சொந்தக் காரணத்துக்காக..."

முந்நூறு பேரும் வலப்பக்கம் சாய்ந்தார்கள்.

யாரும் நினைத்துச் செய்யவில்லை. காற்றடித்த பயிர் மாதிரி மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் சாய்ந்தது. இல்லாத கண்ட்ரோலரின் மேல் விரல்கள் துடித்தன. பிறகு தாங்கள் என்ன செய்தோம் என்று அவர்களுக்கே புரிந்து, கூரை பிய்த்துக்கொள்ளும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. "மோதிரம்! மோதிரம்! அடுத்தது பொய்!" என்று பின் வரிசையில் ஒருத்தன் கத்தினான். நிருபர்கள் போனைத் தூக்கிக்கொண்டு மேடையை நோக்கி ஓடினார்கள்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. திரும்பித் திரையில் தன் கையைப் பார்த்தார். பிறகு கீழே தன் சொந்தக் கையைப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த அசுரம்மாவைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. இத்தனை வருடம் எரிந்த வயிறு அந்தச் சிரிப்பில் ஜில்லென்று குளிர்ந்தது. சிரியுங்கள், இன்னும் நன்றாகச் சிரியுங்கள் என்று அவள் மனசுக்குள் கூவினாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒயர்ச் சுருள்களும் தண்ணீர் பாட்டில்களும் கிடந்தன. முதலாளி அவளை அங்கே கூப்பிட்டார். மேஜையின் மேல் இரண்டு கையையும் விரித்து ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அந்த எருமைத் தலை நான்தானா?"

"நீங்கதான்."

"எதுக்கு?"

"எங்க அண்ணனைப் பத்திப் பொய் சொன்னதுக்கு. அன்னிக்கும் சொன்னீங்க, இன்னிக்கும் சொன்னீங்க."

"ஆமா, பொய்தான்." மூச்சு வாங்கியது அவருக்கு. "அன்னிக்குக் கசிஞ்சுதே, அந்த கேம் படங்களை வெளிய குடுத்தது உங்கண்ணன். நான் கண்டுபிடிச்சுக் கேட்டப்ப, இதே மாதிரி ஒரு ரூம்ல உக்காந்து அழுதான். வெளிய தெரிஞ்சா எந்தக் கம்பெனி வாசலையும் மிதிக்க முடியாதுன்னான். சரி, சொந்தக் காரணம்னு சொல்லித் தொலைக்கிறேன்னேன். அதுக்கு ஈடா அவன் கதையை என் பேர்ல போட்டுக்கிட்டேன். அது என் அயோக்கியத்தனம், இல்லேன்னு சொல்லல. ஆனா நான் மறைச்சது அவன் தப்பை."

அசுரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையின் ஒவ்வொரு நரம்பும் அவளுக்குத் தெரியும். ஒரு நொடியை அறுபது துண்டாக வெட்டி, துண்டு துண்டாக அதை அசைத்துப் பார்த்தவள் அவள். தொடு, தொட்டுத் தொலை என்று கெஞ்சினாள். மோதிரம் அங்கேயே இருந்தது. கட்டைவிரல் மேஜையைவிட்டு அசையவில்லை.

"நீ போ. உன் முகத்துல முழிக்க எனக்கு இஷ்டமில்ல" என்றார் முதலாளி.

அவள் நேராகக் கிடங்குக்குப் போனாள். மதிய இடைவேளை. கூரை உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். நடுவில் அண்ணன். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பல்லை அவள் பார்த்தே ஐந்து வருடம் இருக்கும்.

"இவதான்யா என் தங்கச்சி!" என்று எழுந்து வந்தான். "அவன் மூக்கை உடைச்சுட்டியே! பார்த்தியா, எல்லாரும் எப்படிச் சாய்ஞ்சாங்கன்னு? என்னால நம்பவே முடியல!"

"அண்ணா, இப்படி வா."

பெட்டி அடுக்கின் மறைவுக்கு வந்தார்கள்.

"படத்தையெல்லாம் வெளிய குடுத்தது நீயா?"

சிரிப்பு உடனே போகவில்லை. போகத் தெரியாமல் சற்று நேரம் முகத்திலேயே நின்றது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். நான் குடுக்கலைன்னு நீ சொல்லு. போதும்."

அண்ணன் ஒரு பெட்டியில் பாதி ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் கிளறிக்கொண்டே பேசினான்.

"ஒரே ஒரு சிநேகிதனுக்குத்தான் அனுப்பினேன். அந்த கேம்லயும் என் பேர் போடல. இது என் வேலைன்னு ஒருத்தனுக்காவது தெரியட்டுமேன்னு... அவன் அதைக் கொண்டுபோய் எங்க குடுப்பான்னு எனக்கென்ன தெரியும்?"

"அஞ்சு வருஷம்ணா! அஞ்சு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?" அவன் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "பெட்டியைக் கீழ வைக்கறதுக்குள்ள அவன்தானே தள்ளினான்னு கத்தின. அவன் தள்ளினது நிஜம்தானே, ம்னு சொன்னேன். அதுக்கப்புறம் எல்லாத்தையும் நீயே சொல்லிக்கிட்ட. நான் செய்யலைன்னு என் வாயால ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா? யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்தாள். அந்தச் சாயங்காலம், அம்மாவின் அழுகை, போஸ்டர் வந்த நாள், கல்யாணம் நின்ற நாள், குனிந்த தலையோடு அவன் சாப்பிட்ட ஆயிரம் சாப்பாடு. எல்லாவற்றிலும் தேடினாள். அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. கை மேலே எழும்பவில்லை.

அவன் கையிலிருந்த போன் அந்த வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டியது. முந்நூறு பேரும் மறுபடியும் சிரித்தார்கள். பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அதை நிறுத்து" என்றாள்.